தலைப்பை விடுங்கள், முதலில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பிடியுங்கள்: குமரியில் ஸ்மார்ட் கிரிட் ஆய்வைக் கூட்டாகத் திட்டமிடுவது எப்படி

ஸ்மார்ட் கிரிட் (மீட்டரும் கம்ப்யூட்டரும் வைத்து, மின்சாரம் எங்கே எவ்வளவு போகிறது என்று பார்த்துப் பார்த்து நடத்தும் மின்வலை) பற்றிச் சேர்ந்து ஆய்வு செய்யலாம் என்று இரண்டு மூன்று கல்லூரிக்காரர்கள் கூடினால், முதல் நாள் முழுக்கத் தலைப்பு தேடுவதிலேயே போய்விடும். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு டிரான்ஸ்பார்மரையோ ஒரு 11 கேவி ஃபீடரையோ (துணை மின்நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்கு வரும் லைன்) பிடியுங்கள். எந்தெந்தத் தெருவுக்கு அதிலிருந்து கரண்ட் போகிறது, எந்த வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது என்று அந்த ஏரியா லைன்மேன் நின்ற இடத்திலேயே சொல்லிவிடக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போய் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆய்வுக்கான கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றுகின்றன, கோதையாற்றில் 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக இரண்டு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு, போதாததற்கு 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் கூரை சோலார் திட்டம் வந்த பிறகு (3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம்) வீடுகளிலும் பேனல் ஏற ஆரம்பித்திருக்கிறது. இத்தனையையும் ஒரே ஆய்வுக்குள் அடக்க ஆசை வரும். வேண்டாம்.

ஏனென்றால் காற்றாலை தரும் தொந்தரவும் கூரை சோலார் தரும் தொந்தரவும் ஒன்றல்ல. தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாலைகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்தான். அது மின்சாரம் கொடுக்கும்போதே ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல், காந்தப்புலத்தை உண்டாக்க மட்டும் போய்வரும் மின்சக்தி) லைனிலிருந்து இழுக்கும், அதை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்தப் பக்கத்து வோல்டேஜ் இறங்கும். கூரை சோலாரில் இது நேர்மாறு. மத்தியானம் வீட்டில் ஆள் இல்லை, ஃபேன்கூட ஓடவில்லை, பேனலில் வருவது முழுக்க லைனுக்குப் போகிறது, லைனின் கடைக்கோடியில் வோல்டேஜ் ஏறுகிறது, ஒரு அளவைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுகிறது. "நல்லா வெயிலடிக்கும்போதுதான் நின்னுபோகுது" என்று வீட்டுக்காரர் சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். இரண்டில் ஒன்றை எடுங்கள். மற்றதை அடுத்த குழு பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி வேறொன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. இன்றைக்கு அப்படி ஒன்று வந்தால் கூரையில் 3 கிலோவாட் சோலார் இருக்கிற வீடும் இருட்டில்தான் கிடக்கும், ஏனென்றால் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்தே ஓடுவது) லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் பேட்டரியும் லைனிலிருந்து பத்திரமாகப் பிரிக்கும் சுவிட்சும் வைத்து, ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஒரு குடிதண்ணீர் மோட்டாரையும் மட்டும் தனியாக ஓட்ட முடியுமா? எத்தனை மணி நேரம்? மருந்து வைக்கிற ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரியும், மோட்டார் எப்போது ஓடவேண்டும் என்று பஞ்சாயத்துக்குத் தெரியும், எந்த இடத்தில் பிரித்தால் பாதுகாப்பு என்று மின்வாரியத்துக்காரருக்குத் தெரியும். கல்லூரி தனியாக உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்கவே முடியாத கேள்வி இது. கூட்டாய்வு என்றால் இப்படி ஒன்றுக்குத்தான்.

சரி, யாரைக் கூப்பிடுவது? பகிர்மானப் பிரிவு அலுவலக ஏ.இ. (உதவிப் பொறியாளர்), லைன்மேன், காற்றாலை எடுத்தால் சைட் இன்ஜினியர், மீட்டர் வைக்க இடம் தரும் வீட்டுக்காரர்கள். கடிதம் எழுதும்போது கவனம்: பழைய மின்வாரிய நிறுவனம் 2024-ல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை ஆற்றல் என்று தனித்தனிக் கழகமாகப் பிரிந்துவிட்டது, ஹை டென்ஷன் லைனுக்கு ஏற்கெனவே வேறு கழகம். தவறான இடத்துக்குப் போன கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றும்.

அப்புறம், மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனிக்காரர்களை மறக்காதீர்கள். ஐஸ் கட்டியை மத்தியானம் உறைய வைத்து இருட்டிய பிறகு கம்ப்ரஸரைக் குறைக்கலாம், அதாவது பேட்டரி வாங்காமலே சோலார் நேரத்து மின்சாரத்தைச் சேமித்த மாதிரி. ஆனால் குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. காற்று உச்சத்தில் இருக்கிற நேரத்தில் மேற்குக் கரையில் ஐஸ் தேவை குறைந்துவிடும், வள்ளக்காரர்கள் (சிறிய படகுக்காரர்கள்) வாங்குவதுதான் மிச்சம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கம்ப்யூட்டரில் போடுகிற கணக்கு அத்தனையும் வீண்.

காலம் பார்த்துப் போங்கள். நாங்கள் முதல் தடவை ஆடி மாதத்தில் ஒரு பிரிவு அலுவலகத்துக்குப் போனோம், காற்றில் தென்னை ஓலை லைனில் விழுந்து டிரிப் ஆன இடங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், எங்களிடம் பேச ஒருவருக்கும் நேரமில்லை. அந்த நேரம் பார்த்துப் போனது எங்கள் தப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான். தை பிறந்ததும் உட்காருங்கள், பங்குனிக்குள் மீட்டர்களை மாட்டி முடியுங்கள், மே மாதக் காற்று தொடங்கும்போது அளவு எடுக்கத் தயாராக இருப்பீர்கள்.

டேட்டாவில்தான் கூட்டு முயற்சிகள் உடையும். எங்களுக்கு முதலில் கிடைத்தது மாதாந்தர ரீடிங், அதை வைத்து வோல்டேஜ் பற்றி ஒரு வரி எழுத முடியாது. மின்சார ஷெட்யூல் (எப்போது எவ்வளவு மின்சாரம் என்ற முன்திட்டம்) எல்லாம் 15 நிமிடத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 96 பிளாக் என்றுதான் ஓடுகிறது, அதனால் யூனிட் கணக்கைக் குறைந்தது அந்த இடைவெளியில் எடுங்கள், வோல்டேஜை நிமிடத்துக்கு ஒரு முறை எடுங்கள். எல்லா மீட்டரிலும் கடிகாரம் ஒன்றாக ஓடுகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். எங்கள் இரண்டு மீட்டருக்கும் நடுவில் ஏழு நிமிட வித்தியாசம், ஒரு மாத வேலை போயிற்று. வீட்டுச் சர்வீஸ் நம்பரை மறைத்துத்தான் பகிர வேண்டும். எந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதை மீட்டர் கணக்கைப் படமாகப் போட்டால் வரும் கோடே காட்டிக் கொடுத்துவிடும்.

லைனைக் கம்ப்யூட்டரில் மாடல் போட ஓபன்டிஎஸ்எஸ், பாண்டாபவர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், எல்லோரும் ஒன்றிலேயே வேலை செய்யுங்கள். பணத்துக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியை முதலில் பாருங்கள், சிறிய தொகைதான், இரண்டு மூன்று மீட்டரோடு தொடங்க முயலலாம்.

கடைசியாக, பேசியதை எல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்: கேள்வி என்ன, டேட்டா யார் கையில், மீட்டர் கெட்டால் யார் போய்ப் பார்ப்பது, யார் பெயர் எல்லாம் கட்டுரையில் வரும் (லைன்மேன் பெயர் கட்டாயம் வரவேண்டும்), ஐஸ் கம்பெனியில் நேரத்தை மாற்ற முடியாது என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே வெளியிடுவோம் என்ற உறுதி. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு தலைப்பு வையுங்கள்.