காமா வெடிப்பின் பின்னொளியைப் பிடிக்க

காமா வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியில் திடீரென நிகழும் காமா கதிர் வெடிப்பு; பின்னொளி என்பது அதற்குப் பிறகு மிஞ்சி மங்கும் வெளிச்சம். இத்தகைய வெடிப்புகளைக் கண்டறியும் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எச்சரிக்கை, வானியலாளர்களுக்குச் செய்தி அனுப்பும் ஜிசிஎன் வலைப்பின்னல் வழியாக வந்ததும் நான் முதலில் பார்ப்பது, அந்த இடம் அடிவானத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். 20 டிகிரிக்குக் கீழே என்றால் விட்டுவிடுவேன். மேலே இருந்தால் உடனே டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். ஸ்விஃப்டில் உள்ள பேட் கருவி தரும் முதல் இடம் சில ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அகல வட்டம்தான், கேமராவுக்குள் அடங்கிவிடும். இன்னும் துல்லியமான இடம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

1999 ஜனவரி 23 வெடிப்பை ரோட்சி என்ற தானியங்கிக் கேமராக் கருவி 22 விநாடியிலேயே படமெடுக்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குள் அந்த வெடிப்பின் ஒளி 9-ஆம் ஒளியளவை (எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்) எட்டி, பிறகு மளமளவென்று மங்கிவிட்டது. பொதுவாக, வெடித்ததிலிருந்து கடந்த நேரம் இருமடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் முதலில் 10 விநாடிப் படங்கள், போகப்போக 30, 60. சிவப்பு ஃபில்டர் போடுங்கள். தூசியும் தொலைவும் நீலத்தைத்தான் முதலில் விழுங்கும்.

பிறகு அதே இடத்தை முன்பே எடுத்த பான்ஸ்டார்ஸ் வான ஆய்வின் படத்தோடு ஒப்பிடுங்கள். புதுப் புள்ளி தெரிகிறதா? சிறுகோளா என்று, சிறுகோள்களின் பட்டியலை வைத்திருக்கும் மைனர் பிளானெட் சென்டரில் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள்: நகர்ந்திருந்தால் சிறுகோள், அதே இடத்தில் மங்கியிருந்தால் பின்னொளி. ஒன்றுமே தெரியாவிட்டாலும், எந்த ஒளியளவு வரை தேடினீர்கள் என்பதை யூடி (உலகப் பொது) நேரத்தோடு அறிவியுங்கள்.