பேன்ட் பேட்டர்னை உடலுக்கேற்பத் திருத்தும் முறை

பெண்களுக்கான பேன்ட்டைத் தைக்கும்போது பெரும்பாலோர் இடுப்பளவையே முதலில் பார்க்கிறார்கள். ஆனால், நிற்கும்போது கச்சிதமாகத் தெரிந்த பேன்ட் ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் பின்புறம் இறங்கிவிடுவதற்குக் காரணம் இடுப்பன்று. முன் இடுப்பிலிருந்து கால்களுக்கு நடுவே சென்று பின் இடுப்பில் முடியும் கவட்டு வளைவுதான்.

எனவே இடுப்பு, சீட் (பிட்டத்தின் பருமனான பகுதி) ஆகியவற்றின் சுற்றளவுகளோடு மேலும் இரண்டு அளவுகள் தேவை. இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் நாடாவிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளப்பது முதலாவது. கவட்டு வளைவின் முழு நீளம் இரண்டாவது. இவற்றைப் பேட்டர்னோடு, அதாவது துணியை வெட்ட உதவும் தாள் வடிவத்தோடு, ஒப்பிடும்போது, தையலுக்கு விட்ட துணியைக் கணக்கில் சேர்க்காமல் தையல் கோட்டிலேயே அளக்க வேண்டும். இழுபடாத பருத்தித் துணிக்குச் சீட்டில் 2 அங்குலத் தளர்வு போதும் என்பார்கள். புதுச்சேரியின் கடற்காற்றில் துணி உடலோடு ஒட்டிக்கொள்வதால் நான் 3 அங்குலம் விடுகிறேன்.

உயரத்தைச் சரிசெய்த பிறகே அகலத்துக்கு வர வேண்டும். இடுப்புக்கும் கவட்டுக்கும் இடையே, நெடுக்கு இழைக் கோட்டுக்கு (துணியின் நீள இழை ஓடும் திசையைத் தாளில் காட்டும் கோடு) செங்குத்தாக ஒரு கோடு போட்டு, முன், பின் தாள்கள் இரண்டையும் அதில் வெட்டி, தேவையான அளவு விரித்தோ ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியோ ஒட்டவும்.

அடுத்து, நனைத்து உலர்த்திய காடா துணியில் ஒரு சோதனைப் பேன்ட் தைத்து அணிந்து பார்க்க வேண்டும். நேரு வீதிக் கடைகளில் துணி வாங்கும் செலவைத் தவிர்க்க நினைத்தால் பழைய படுக்கை விரிப்பும் உதவும். திருத்த வேண்டிய இடத்தைச் சுருக்கங்களே காட்டிவிடும். கவட்டிலிருந்து தொடைகளை நோக்கி மீசைபோல இழுப்புக் கோடுகள் விரிந்தால், பெரும்பாலும் தொடைக்குத் துணி போதவில்லை என்று பொருள். உள்காலின் கவட்டு முனையைக் கால் அங்குலம் நீட்டி, முழங்காலை நெருங்கும்போது பழைய கோட்டோடு சேர்க்கவும். உட்காரும்போது பின் இடுப்பு இறங்கினால், பின்தாளை நடுத் தையலிலிருந்து சீட்டின் பருமனான இடத்தின் வழியாகப் பக்கத் தையல் வரை கிடையாக வெட்டி, அந்த ஓரத்தை மட்டும் அறுக்காமல் விட்டு, நடுவில் அரை அங்குலம் விரித்து, வளைவைப் புதிதாக வரைய வேண்டும். சீட்டுக்குக் கீழே துணி தொங்கினால் அதே இடத்தை விரிப்பதற்குப் பதிலாக மடிக்கலாம். ஆனால் அதிகமாக மடித்தால் உட்கார முடியாமல் போகும். அங்கே மிஞ்சியிருப்பது நீளம் என்பதால், பலர் செய்வதுபோலப் பக்கத் தையலைப் பிடிப்பதில் பயனில்லை.

பின் இடுப்பில் இடைவெளி தெரிந்தால், மிகுதியில் பாதியை நடுத் தையலிலும் மீதியை டார்ட்டிலும் (இடுப்பில் ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்கவும். இடுப்புப் பட்டியையும் அதற்கேற்பக் குறைக்க மறக்கக்கூடாது.

இறுதியாக, இரு தாள்களின் உள்கால் கோடுகளையும் சேர்த்து வைத்து, கவட்டு வளைவு முறிவின்றி ஓடுகிறதா என்று பார்க்கவும். நல்ல துணியை வெட்டும்போது பின் நடுத் தையலின் மேற்பகுதியில் 1 அங்குலம் கூடுதலாக விட்டால், பின்னாளில் உடல் சற்றுப் பெருத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.