ஹோயா வாங்கும்போது கணுவைப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் இதய வடிவ ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு ஹோயா என்னும் பூக்கொடி என்று விற்றால், மண்ணை லேசாக விலக்கிப் பாருங்கள். அடியில் தண்டும் கணுவும் இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்த இலை வேர்விட்டு மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஆனால் கொடியாகாது.

ஹோயாதானா என்று சந்தேகமா? இலைகள் தடித்து, எதிரெதிராக ஜோடியாக இருக்கும். நுனியைக் கிள்ளினால் பெரும்பாலும் பால் வரும். எருக்கின் குடும்பம் இது. பார்வைக்குக் கொஞ்சம் ஒத்திருக்கும் பெப்பரோமியாவில் பால் வராது. கிள்ளிய கையைக் கண்ணில் வைக்க வேண்டாம்.

மரத்தில் தொற்றி வளரும் கொடி என்பதால் வெறும் தோட்ட மண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரி, கொஞ்சம் மட்கிய எரு போதும். நம் மலை மழையில் வெளியே விட்டால் வேர் அழுகிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு முன்பே வெளிச்சமான ஜன்னலோரம் கொண்டுவந்து, தண்ணீரைக் குறையுங்கள்.

முக்கியமாக, பூ உதிர்ந்த காம்பை வெட்டவே வெட்டாதீர்கள். அடுத்த கொத்தும் அதே காம்பில்தான் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஹோயா வகைகளும் உண்டு. சோலையில் கண்டால் தயவுசெய்து பறிக்காதீர்கள். வளர்ப்பவரிடம் இரண்டு கணு உள்ள தண்டு கேட்டால் கொடுப்பார்கள்.