வாழை வாடல் நோய்: புதியவர்கள் செய்யும் தவறுகள்

காவிரிக் கரையில் புதிதாக ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் வைப்பவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்து வருகிறார்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, களை மண்டக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலை மஞ்சளானதும் உரக்கடைக்கு ஓடுவது

பியூசேரியம் என்னும் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதால், அடி இலைகள் ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்தாலும் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். ஆகவே சந்தேகப்படும் மரம் ஒன்றைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகளும் வளையங்களும் தெரிந்தால் அது வாடல் நோய்.

நோய்த் தோட்டத்தில் ‘நல்ல’ கன்று பொறுக்குவது

முசிறிப் பக்கத்து விவசாயி ஒருவர், கன்று விற்றவரின் தோட்டத்தில் அங்கங்கே மரங்கள் வாடி நின்றதைப் பார்த்த பிறகும், வாடாத மரத்தின் கன்றுதானே, விலையும் பாதிதானே என்று ரஸ்தாளிக் கன்றுகளை ஏற்றி வந்தார். நடும் முன் கிழங்கைச் சீவிப் பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் மாதம் மேட்டு வரிசையில் இலைகள் மஞ்சளாயின. நுண்ணூட்டம் தெளித்தார், கேட்கவில்லை என்றதும் தண்ணீரைக் கூட்டினார், அந்தத் தண்ணீரோடு பூஞ்சை கீழ் வரிசைகளுக்கும் இறங்கியது.

பூஞ்சை புகுந்த கன்று சில மாதங்கள் வரை எந்தக் குறியும் காட்டாமல் வளரும் என்பதை எத்தனை முறை சொன்னாலும், ‘பார்த்துத்தான் வாங்கினேன்’ என்ற பதிலே வருவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. தார் போன நட்டத்தை அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். மண்ணில் தங்கும் பூஞ்சை வித்துகளோ வாழையே இல்லாமல் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களிலும் இந்நோய் கன்று, கிழங்கு வழியாகவே புதுப்புது நிலங்களுக்குப் போனது. 1960களுக்குள் அங்கே குரோ மிஷல் என்னும் இரகத்தையே கைவிட நேர்ந்தது.

கன்று பேசும் முன் தோட்டம் முழுவதையும் நடந்து பாருங்கள். ஒரே ஒரு மரம் வாடியிருந்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள்.

திசு வளர்ப்புக் கன்றுக்கு நோயே வராது என்று நம்புவது

ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்ப்பதால் கன்று சுத்தமாக வரும். நோய் கண்ட மண்ணில் நட்டால் அதற்கும் வாடல் வரும். ஜி-9 (கிராண்ட் நைன்) வாழை இரகம் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையை டிஆர்4 என்னும் புது வகைப் பூஞ்சை பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பொய்யாக்கிவிட்டது.

இலைக்கு மருந்து அடிப்பது

வீண் செலவு.

வாடிய மரத்தை வெட்டி வாய்க்காலில் தள்ளுவது

கீழ்மடைக்காரரின் தோட்டத்துக்கும் நோயை அனுப்பும் வேலை இது. கிழங்கோடு அகழ்ந்து அதே இடத்தில் எரித்து, குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது.

மறுதாம்பு விடுவது

தார் வெட்டிய மரத்தின் பக்கக் கன்றையே அடுத்த போகத்துக்கு விடுவது நோய் கண்ட வயலில் கூடவே கூடாது. ஓரிரு போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டுங்கள். பிறகும் ரஸ்தாளிக்குத் திரும்பாமல், இந்நோயைத் தாங்கும் பூவனை வையுங்கள்.