செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? காரின் கம்ப்யூட்டரிடம் நீங்களே கேட்கலாம்

மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிந்தால், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் (ஈசியூ என்பார்கள்) கோளாறை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஆனால் விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, சிவப்பில் வெப்ப விளக்கு வந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 (கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் குறித்து வைக்கும் ஏற்பாடு) கட்டாயம் என்பதால், அதற்குப் பின் வந்த கார்களில் இந்த முறை செல்லும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, பானெட் திறக்கும் லீவர் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வரிசையில் எட்டெட்டாக 16 துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். சில வண்டிகளில் அது ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும்.

அதில் செருக, ஈசியூ சொல்வதைப் போனுக்கு அனுப்பும் ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர் வேண்டும். வெர்ஷன் 2.1 என்று போட்டு வரும் மலிவு நகல்கள் பல, பாதிக் கட்டளைகளுக்குப் பதில் சொல்லாது. 1.5 என்று கேட்டு வாங்குங்கள். அதைப் படிக்கப் போனில் ஓர் ஆப்பும் வேண்டும், எனக்குப் பிடித்தது கார் ஸ்கேனர். வண்டியின் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் உண்டு.

பலரும் மாட்டிக்கொள்வது அடுத்த இடத்தில்தான். அடாப்டரைச் செருகியதும் அதன் விளக்கு எரியும், போனும் இணையும், ஆனால் ஈசியூ இணையவில்லை என்று ஆப் சொல்லும். அடாப்டர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம் வருகிறது. அதனால் சாவி இல்லாமலே விளக்கு எரியும். ஈசியூ விழிக்க இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும், ஏசிசி (பாட்டு, சார்ஜர் மட்டும் ஓடும் நிலை) போதாது. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கையும் கிளட்சையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். மீட்டரில் எல்லா விளக்கும் வந்தால் சரி. பிறகு போனின் ப்ளூடூத்தில் இணைத்து (பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000), ஆப்பின் செட்டிங்கிலும் அதே அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொன்னால் பி (P) என்று தொடங்கும் எண் வரும். எங்கள் வண்டியில் வந்தது பி0118, எஞ்சின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரின் சர்க்யூட் பற்றியது. உடனே சென்சாரை மாற்றிவிடக் கூடாது. குறியீடு சொல்வது புகார் எந்தச் சர்க்யூட்டில் என்பதை மட்டும்தான், எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. சென்சார்கள் அந்த நொடியில் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவை ஆப்பில் திறந்தேன். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் கூலன்ட் வெப்பம் -40 டிகிரி! வயர் அறுந்து சர்க்யூட் திறந்துகிடந்தால் இப்படித்தான் காட்டும். பானெட்டைத் திறந்தால் சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்தால் வயல் எலி வீட்டுப் பக்கம் வந்துவிடும். அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் முதலில் வயரைப் பாருங்கள். வயரை ஒட்டிக் கட்டியதோடு வேலை முடிந்தது, சென்சார் நன்றாகவே இருந்தது.

குறியீட்டை அழிக்கும் பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அழித்தால் கோளாறு வந்த நேரத்து வேகம், வெப்பம் எல்லாம் பதிந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பழுது பார்த்த பிறகு அழியுங்கள். அதே குறியீடு திரும்ப வந்தால் கோளாறு தீரவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேட்டதால் சேர்க்கிறேன்: பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் ஐபோனில் வேலை செய்யாது. வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 என்று போட்டதை வாங்குங்கள். எந்த அடாப்டராக இருந்தாலும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பல நாள் நிற்கும் வண்டியில் அது பேட்டரியை மெல்லக் குடித்துவிடும்.