ஸ்னோபோர்டு அளவு: பலரும் செய்யும் தவறுகள்

பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டை நிமிர்த்தி வைத்து, நுனி தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வருகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். வாடகைக் கடைகளில் இன்றும் நடக்கிறது. ஆனால் போர்டை வளைப்பது எடைதான், உயரம் அல்ல. 175 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவர் 58 கிலோ, இன்னொருவர் 88 கிலோ என்றால், ஒரே 156 செ.மீ. போர்டு இருவருக்கும் சரிப்படாது. லேசானவர் எவ்வளவு அழுத்தினாலும் அது வளைந்து கொடுக்காது, திருப்புவதற்கும் அடம்பிடிக்கும். கனமானவருக்கு வேகமெடுத்ததும் நடுங்கும், இறுகிய பனியில் விளிம்பு வழுக்கும்.

அந்தந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் எடை அட்டவணையைப் பாருங்கள். ஒரு மாடலின் 156-க்கான வரம்பு இன்னொன்றின் 156-க்குச் செல்லாது. பொதுவாக 70 கிலோ ஆணுக்கு ஆல்-மவுண்டன் (எல்லா வகைச் சரிவுக்குமான) போர்டு 154 முதல் 158 செ.மீ.க்குள் அமையும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், கற்றுக்கொள்பவரும் பார்க்கில் (குதிப்பதற்கென மேடுகள் அமைத்த இடத்தில்) குதிப்பவரும் சின்னதை எடுக்கலாம். வேகம் பிடித்தவர் பெரியதை. பிள்ளைகளுக்கு மட்டும் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிதாக வாங்காதீர்கள். வளைக்க முடியாத பலகையில் திருப்பக் கற்றுக்கொள்ள முடியாது.

நீளத்தைப் பற்றி அரை மணி நேரம் யோசிப்பவர்கள் அகலத்தைக் கேட்பதேயில்லை. அகலம் பொருந்தாவிட்டாலும் விழ நேரிடும். கால்விரல் பக்கம் நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது பூட்ஸின் முனை பனியில் இடிக்கும். விளிம்பு சட்டென்று மேலெழும்பும். நீங்கள் குப்புற விழுவீர்கள். குதிகால் பக்கமும் இதே கதைதான்.

அதனால் முதலில் பூட்ஸ், பிறகு போர்டு. பூட்ஸில் நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் மேலே எழக்கூடாது. 28 செ.மீ. வரையுள்ள ஆண் பூட்ஸுக்குப் போர்டின் நடு அகலம் 250–255 மி.மீ. பெரும்பாலும் போதும். 29-க்கு மேல் போனால் 260-ஐ ஒட்டிய ‘வைட்’ போர்டு தேடுங்கள். 24–25 செ.மீ. பூட்ஸ் போடும் பெண்களுக்கு 238–245 மி.மீ. அளவு பொருந்தும். இன்னும் துல்லியம் வேண்டுமானால், வெறுங்காலோடு பைண்டிங் (பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பிடிமானம்) வரும் இடத்தில், நீங்கள் நிற்கும் கோணத்திலேயே நின்று பாருங்கள். விரலும் குதிகாலும் விளிம்பை எட்ட வேண்டும். பூட்ஸ் போட்டபின் இருபுறமும் 1 முதல் 2 செ.மீ. வெளியே நீட்டினால் பரவாயில்லை.

பயந்துபோய் மிக அகலமானதை வாங்குவதும் தப்பு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற நேரமாகும், மதியத்துக்குள் கெண்டைக்கால் கெஞ்சும்.

வடிவத்தில், பார்க்கில் இரு பக்கமும் சறுக்குபவருக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியான ‘ட்வின்’. புதுப்பனியில் முன்பக்கம் நீண்ட, நிற்கும் இடம் சற்றே பின்தள்ளிய ‘டைரக்ஷனல்’. காஷ்மீரில் குல்மார்க்கின் அபர்வத் சரிவிலோ ஜப்பானின் நிசேகோவிலோ ஆழமான பனியில் ட்வினின் மூக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும். பின்னங்காலில் எடையைப் போட்டே தொடை எரியும். புதுப்பனிக்கென்றே செய்த அகலமான பவுடர் போர்டுகளை வழக்கமான நீளத்திலேயே எடுப்பது இன்னொரு தவறு. அகலமே மிதக்க வைப்பதால், தயாரிப்பாளர் சொல்லும்படி சில செ.மீ. குறைத்து எடுக்க வேண்டும். வழக்கமாக 157 ஓட்டுபவருக்கு 150–152 கூடச் சரியாகும்.

முழு கேம்பர் (நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்த போர்டு) இறுகிய பனியில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் புதியவரின் சிறு பிழையைக்கூட மன்னிக்காது. முழு ராக்கர் (முனைகள் மேல்நோக்கி வளைந்த போர்டு) இதற்கு நேர்மாறு: எளிதில் திரும்பும், ஐஸில் நழுவும். முதல் போர்டுக்கு இரண்டும் கலந்த ஹைப்ரிட், 10-க்கு 3 முதல் 5 வரை ஃப்ளெக்ஸ் (விறைப்பின் அளவு) என்பதே எங்கள் சிபாரிசு. 8, 9 என்று விறைப்பானதை ‘ப்ரோ’ என்று நம்பி வாங்குவது வீண் செலவு.

காசு கொடுக்கும் முன் பைண்டிங் பொருந்துகிறதா என்று பாருங்கள். பர்ட்டன் நிறுவனத்தின் ‘சேனல்’ போர்டுக்கென்றே (துளைகளுக்குப் பதில் நீளப்பள்ளம் உள்ளது) செய்த இ.எஸ்.டி. பைண்டிங், 4x4 என்ற அமைப்பில் துளையுள்ள மற்ற போர்டுகளில் ஏறாது. மாட்டும்போது பைண்டிங்கின் நடுவிலுள்ள வட்டமான டிஸ்க்கை நகர்த்தி, பூட்ஸ் இருபுறமும் சமமாக நீட்டும்படி வையுங்கள். டிஸ்க்கை நகர்த்தாமல் அப்படியே முடுக்கிவிட்டு, போர்டு குறுகல் என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.