ஸெர்கோ ஸகாரியாட்ஸே: எந்தப் படத்தில் தொடங்கி, எப்படிப் பார்ப்பது

சோவியத் காலத்து ஜார்ஜிய நடிகர் ஸெர்கோ ஸகாரியாட்ஸேயைப் பார்க்க, ரெஸோ ச்கெய்ட்ஸே 1964-ல் இயக்கிய 'சிப்பாயின் தந்தை'தான் தொடக்கம். ஓடும் நேரம் சுமார் ஒன்றரை மணி. 'ஃபாதர் ஆஃப் எ சோல்ஜர்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் ரஷ்யப் பெயரான 'ஆத்தேட்ஸ் சல்தாத்தா', ஜார்ஜியப் பெயரான 'ஜாரிஸ்கட்ஸிஸ் மாமா' இரண்டையும் போட்டுப் பாருங்கள். வண்ணம் ஏற்றிய பதிப்பு ஏதும் கிடைத்தாலும் வேண்டாம். ஸகாரியாட்ஸேயின் முகச் சுருக்கங்களில் நிழல் விழும் அழகு கறுப்பு வெள்ளையில்தான் தெரியும்.

அடுத்து ஒலித்தடத்தைச் சோதியுங்கள். கிராமத்து ஆட்கள் தங்களுக்குள்ளேயே ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டால் அது டப்பிங். ஜார்ஜியப் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். ஜார்ஜியாவின் காக்கெட்டிப் பகுதியில் திராட்சை பயிரிடும் கிழவர் கியோர்கி மகாராஷ்விலி (ஸகாரியாட்ஸே), இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட மகன் கோதெர்ட்ஸியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறார். மகன் அதற்குள் போர்முனைக்குத் திரும்பிவிட்டதால், தானும் படையில் சேர்ந்து ஜெர்மனி வரை போய்விடுகிறார். தாய்மொழியில் கணீரென்று பேசுபவர் ரஷ்ய மொழியில் தடுமாறுவதுதான் அந்த வேடத்தின் உயிர். டப்பிங்கில் அது செத்துப்போகும்.

சப்டைட்டிலில் ஒரு சிக்கல் வரும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'டேடா' என்றால் அம்மா. ரஷ்ய மொழியிலோ 'மாமா' என்றால் அம்மா. தானியங்கி மொழிபெயர்ப்பு ரஷ்ய மொழி என்று எடுத்துக்கொண்டால் மகன் அப்பாவைக் கூப்பிடுவது 'அம்மா' என்று வரும். மொழி அமைப்பை மாற்றுங்கள், அல்லது அந்தச் சொல்லை மட்டும் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஷ்விலோ' என்றால் 'பிள்ளாய்'.

ஜெர்மனியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் டாங்கி புகும் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டு. எதிரி மண்ணின் கொடிக்காகத் தன் பக்கத்து டாங்கியையே மறிக்கிறார் கிழவர். ராணுவ உடுப்புக்குள் இருப்பவர் முழு விவசாயி என்பதை வசனமில்லாமலே அந்த உடம்பு காட்டிவிடும். 1965 மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் 1966-ல் லெனின் பரிசும் இந்த வேடத்துக்குத்தான் வந்தன.

அப்போது ஸகாரியாட்ஸேக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பாக்கூவில் 1909-ல் பிறந்தவர். மார்ஜானிஷ்விலி, ருஸ்தவேலி ஆகிய இரண்டு பெரிய நாடக அரங்குகளிலும் வேரூன்றியவர், ருஸ்தவேலியில் கிரேக்க நாடக நாயகன் ஈடிபஸாக நின்றவர். அந்த மேடைப் பழக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால், கேமரா முன்னால் அவர் எவ்வளவைக் குறைத்துக்கொண்டார் என்பது புரியும்.

படப்பட்டியல் தேடும்போது பெயரை முழுசாகப் போடுங்கள். தம்பி புகுத்தி ஸகாரியாட்ஸேயும் நடிகர் என்பதால் இருவர் படங்களும் கலந்துவிடும்.

'வாட்டர்லூ'வில் (1970) அவர் பிரஷ்யத் தளபதி ப்ளூகர். சிறிய வேடம், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு கியோர்கி தனேலியாவின் 'வருந்தாதே' (1969) பார்த்தாக வேண்டும். கதாநாயகன் பென்ஜமினாக வாக்தாங் கிகாபிட்ஸே, முதிய மருத்துவர் லெவானாக இவர். சாவு நெருங்கியதை உணர்ந்த லெவான், இருக்கும்போதே தன் இழவு விருந்தை வைத்து நண்பர்களைப் பேசச் சொல்லி, உட்கார்ந்து கேட்கிறார். அங்கே பேசுபவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் அவர் முகத்தையே பாருங்கள். 1971-ல் அவர் காலமானார்.